கணக்கெல்லாம் வந்திச்சு, அம்மாட மருந்து மட்டும் வரல்ல

வீட்டுக் கணக்கு எழுதுற சொஃப்ட்வெயாருக்குள்ளயே டொக்டர் பேர், மருந்து, இன்சூரன்ஸ், காணி உறுதி எண்டு எல்லாத்தையும் சேத்துப் போட்டு வச்சிருக்கிற ஆக்கள் யாரும் இருந்தா, அதிலயும் கனடா லண்டன்ல இருந்திற்று ஊருக்குத் திரும்பி வந்த மாமா சித்தப்பாமார் உங்கட வீட்டுல அப்பிடி வச்சிருந்தா, கம்பியூட்டர் மாத்த முதல் இத ஒருக்கா வாசிச்சிற்று மாத்துங்க. எனக்கு இது நடக்கிற நேரம் தமிழ்ல சொல்லித்தர ஒருத்தரும் இல்ல, இங்கிலீஷ்ல தேடினா அமெரிக்காக்காரருக்கு எழுதின பதில்தான் வந்திச்சு, அத வாசிச்சு விளங்கிறத்துக்குள்ள காசும் போயிற்று, நிம்மதியும் போயிற்று.

எங்கட மாமா, அம்மாட தம்பி, கன வருஷம் டொரன்டோல இருந்திற்று ரிட்டயர் ஆகி மட்டக்களப்புக் கல்லடிக்கு வந்து எங்கட வீட்டுக்குப் பக்கத்து வளவில வீடு கட்டினவர். அப்பா காலமான பிறகு அம்மாட கணக்கு வழக்கெல்லாம் அவர்தான் பாத்தவர். அவர் பாவிச்சது குவிக்கன். அமெரிக்கா கனடாப் பக்கம் கன காலமா பாவிக்கிற சொஃப்ட்வெயார், 2018 வெர்ஷன்ல இருந்து வருஷா வருஷம் காசு கட்டிற மாதிரி ஆக்கிற்றாங்க. அதுக்குள்ள எமர்ஜென்சி ரெக்கோட்ஸ் ஓர்கனைசர் எண்டு ஒரு பகுதி இருக்கு. கணக்கோட சம்பந்தமில்லாத விபரம் எழுதி வைக்கிற இடம் அது: அவசரத்துக்கு யாருக்கு அடிக்கிற, எந்த டொக்டர், என்ன மருந்து, என்ன அலர்ஜி, இன்சூரன்ஸ் பொலிசி நம்பர், மரண சாசனம் எங்க, உறுதி எங்க எண்டு. மாமா ஒரு பொறுமையான மனிசன், ஒவ்வொரு கிளினிக்குக்குப் பிறகும் இருந்து அம்மாட குளிசை டோஸக் கூட அதுல மாத்துவார். "புள்ள, எனக்கு ஏதும் ஆச்செண்டா இதத் திற, எல்லாம் இதுக்குள்ள கிடக்கு" எண்டு எத்தின தரம் சொல்லியிருப்பார். கிடந்ததுதான், அதுல பொய் இல்ல.

மறுகா மாமாக்கு நெஞ்சில பிரச்சின வந்து, பைபாஸ் செய்ய மகள்ட்ட கனடாக்கே போக வேண்டி வந்திற்று. போக முதல் அம்மாட பக்கத்துக் கணக்க என்ட புது லெப்டொப்புக்கு மாத்தித் தர வேணும் எண்டு நிண்டார். குவிக்கனுக்கு இங்க இருந்து என்னால வருஷாந்தக் காசு கட்ட ஏலா, அதால காசில்லாம எடுக்கிற குனூகேஷ் எண்ட கணக்குச் சொஃப்ட்வெயார் போடுறது எண்டு முடிவாச்சு. டவுன்ல ஒரு கம்பியூட்டர் கடை, பேர் வேணாம், நாலாயிரத்து ஐந்நூறு ரூவா எடுத்து மாத்தித் தந்தவங்க. பொடியன் என்ட முன்னுக்கே திறந்து காட்டினான், பேங்க் மிச்சம் சதத்துக்குச் சரி, பென்ஷன் வந்த மாதமெல்லாம் சரி, கரண்ட் பில் தண்ணி பில் எல்லாம் வரிசையா நிண்டிச்சு. "மிஸ், எல்லா டேட்டாவும் வந்திற்று, பழைய லெப்டொப்ப போமட் அடிச்சுத் தாறன்" எண்டான். மாமாட பழைய லெப்டொப்ப தங்கச்சிட மகனுக்குப் படிக்கக் குடுக்கிறதெண்டு இருந்திச்சு, அதுல கிடந்த எல்லாத்தையும் அவன் அழிச்சும் தந்திற்றான். மாமாவும் சந்தோஷமா பிளைட் ஏறினார்.

பிறகு வந்திச்சு 2024 கார்த்திகை மழ. அந்த வெள்ளத்த மட்டக்களப்பு அம்பாறை ஆக்களுக்கு நான் சொல்லத் தேவல்ல. அந்தக் கிழமைக்குள்ள ஒரு இரவு அம்மா பின்வாசல் படியில சறுக்கி விழுந்து தலையில அடி. ரெத்தம் நிக்குதில்ல, துணி துணியா மாத்தி அமத்திப் பிடிச்சுக்கொண்டு 1990க்கு அடிச்சம், அந்த மழையிலயும் அம்புலன்ஸ் வந்திச்சு, அவங்களுக்குப் புண்ணியம். ஆசுபத்திரியில டொக்டர் பிள்ள முதல் கேட்டது "என்ன மருந்து எடுக்கிறாங்க?" எண்டுதான். இதய வால்வுக்கு எடுக்கிறா எண்டு தெரியும், பேர் தெரியாது, கிளினிக் கொப்பி மாமாட வீட்டு அலுமாரியில, அந்த வளவுக்குள்ள இடுப்பளவு தண்ணி. நான் நல்லா ஆயத்தமா வந்தவள் மாதிரி லெப்டொப்பக் கொண்டு போயிருந்தன். திறந்தன். பேங்க் கணக்கு இருக்கு. போன வருஷம் மீன் வாங்கின காசு கூட இருக்கு. மருந்து இல்ல. தேடுறன் தேடுறன், அப்பிடி ஒரு பகுதியே அதுக்குள்ள இல்ல. அந்த நேரம் வந்த ஆத்திரத்தையும் பயத்தையும் எழுத்தில சொல்லத் தெரியல்ல, கை நடுங்கி சார்ஜர் வயரக் கூட குத்தத் தெரியாம நிண்டன். கடைசியில அம்மாதான் அரை மயக்கத்தில "நீலக் குளிசையும் மண்ணிறக் குளிசையும்" எண்டா. டொக்டர் பிள்ள உடனே "வார்ஃபரினா அம்மா?" எண்டு கேட்டு, ரெத்தம் எடுத்து, ரெத்தம் உறையிற விதத்தப் பாக்கிற ஐ.என்.ஆர். சோதனை செஞ்சு, ஸ்கேனுக்கும் அனுப்பினா. ரெத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற மருந்துதான் வார்ஃபரின், அத எடுக்கிற ஆள் தலையில அடிபட்டு வந்தா டொக்டர்மார் பாக்கிற விதமே வேற. அம்மா தப்பிற்றா, இப்ப நல்லா இருக்கா. ஆனா அந்தக் குளிசை நிறத்த அம்மா சொல்லாட்டி எண்டு நினைச்சா இப்பவும் வயிறு கலங்கும்.

ஏன் வரல்ல எண்டத நான் பிறகுதான் விளங்கிக்கொண்டன், இது யாருக்கும் வரக்கூடிய விஷயம் எண்டதால கொஞ்சம் விரிவா சொல்றன். குவிக்கன்ல இருந்து வேற சொஃப்ட்வெயாருக்குக் கணக்கக் கொண்டு போக கியூ.ஐ.எஃப். எண்டு ஒரு ஃபைல் வகை பாவிக்கிற. அது பழைய காலத்து எழுத்து ஃபைல், நோட்பேட்ல திறந்தாலே வாசிக்கலாம். அதுக்குள்ள திகதி, தொகை, யாருக்குக் குடுத்த, என்ன வகைச் செலவு, கணக்குப் பேர் இதுகளுக்குத்தான் இடம் இருக்கு. மருந்து, டொக்டர், உறுதி எண்டதுக்கெல்லாம் அதுல இடமே இல்ல, அதால அது போகாது. பில்லோட ஒட்டி வச்ச ஸ்கேன் படங்கள் போகாது. "இந்தத் திகதிக்கு இதக் கட்டு" எண்டு போட்டு வச்ச ரிமைண்டரும் போகாது. இதுல பெரிய கொடும என்னெண்டா, ஒரு பிழைச் செய்தியும் காட்டாது. ஒண்டும் குறையல்ல எண்ட மாதிரி வேல முடிஞ்சிரும், மிச்சம் சதத்துக்குச் சரியா இருக்கும், எல்லாருக்கும் திருப்தி. கணக்குப் பாக்கிற ஆள் மிச்சத்தப் பாத்துத்தான் சரி பிழை சொல்லுவார், எமர்ஜென்சி விபரத்துக்கு அப்பிடிக் கூட்டிக் கழிச்சுப் பாக்க ஒரு மிச்சமும் இல்லயே. அதால மாத்தித் தாற ஆள்ட்ட "எல்லாம் வந்திச்சா" எண்டு கேக்காதீங்க, "அம்மாட மருந்து லிஸ்ட்டத் திறந்து காட்டு, இன்சூரன்ஸ் நம்பரத் திறந்து காட்டு" எண்டு கேளுங்க. காட்டும் வரைக்கும் பழைய மெஷினப் போமட் அடிக்க விடாதீங்க, ஒரு ஆறு மாசத்துக்காவது அப்பிடியே கிடக்கட்டும். அந்தக் கடைப் பொடியன்ட்ட நான் பிறகு போய்க் கேட்ட நேரம் "நீங்க கணக்குத்தானே மிஸ் மாத்தச் சொன்ன" எண்டான். அவன் பக்கத்து நியாயம் அது. எனக்கு அண்டைக்கு அந்த நியாயத்தக் கேக்கிற மனநில இல்ல.

ரிமைண்டர் வராததால வந்த நட்டம் தனிக் கத. அம்மாட காப்பு ரெண்டு பேங்க்ல அடகு கிடந்திச்சு, தங்கச்சிட வீட்டு வேலைக்கு வச்சது. வட்டியக் கட்டிப் புதுப்பிக்கிற திகதிய மாமா குவிக்கன்ல ரிமைண்டரா போட்டிருந்தவர், பேங்க் கடிதம் வாறது மாமாட விலாசத்துக்கு, மாமாட வீடு பூட்டு. அடகுத் துண்டு எங்க எண்டும் தெரியாது. ஏலத்துக்குப் போக முதல் ஆரோ புண்ணியத்தில தெரிய வந்து ஓடிப்போய் கட்டினம், மேலதிக வட்டி எண்டும் அந்தச் செலவு எண்டும் பதினோராயிரத்துச் சொச்சம் போச்சு. இன்சூரன்ஸ் அத விட மோசம். ஆசுபத்திரியில நிக்கிற ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு எண்டு காசு தாற பொலிசி ஒண்டு அம்மாக்கு இருந்திச்சு, ஆனா எந்தக் கொம்பனி, என்ன நம்பர் எண்டது எனக்குத் தெரிய வந்த நேரம் அறிவிக்க வேண்டிய காலம் முடிஞ்சிற்று. இருபத்து நாலாயிரம் ரூவா கிடைச்சிருக்க வேண்டியது. கேட்டுப் பாத்தன், கெஞ்சியும் பாத்தன், சட்டம் சட்டம்தானாம்.

சரி, மாமாட்ட கேக்கலாம்தானே எண்டு நீங்க நினைப்பீங்க. அந்த நேரம்தான் அங்க அவருக்கு ஒப்பரேஷன். மச்சாள், அவர்ட மகள், அழுதுகொண்டிருக்கா, அவகிட்ட போய் "வார்ஃபரின் எத்தின மில்லிகிராம், அடகுத் துண்டு எங்க" எண்டு எப்பிடிக் கேக்கிற? தண்ணி வத்தின பிறகு மாமாட அலுமாரியில ஒரு போட்டபிள் டிரைவ் கிடைச்சிச்சு, அதுக்குள்ள குவிக்கன் பேக்கப் ஃபைல். சந்தோஷத்தில துள்ளினன். ஆனா அத நோட்பேட்லயும் திறக்க ஏலா, குனூகேஷ்லயும் திறக்க ஏலா, குவிக்கன்தான் வேணும். குவிக்கன டவுன்லோட் செஞ்சு போட்டா மாமாட லொகின் ஐடி குடுத்து உள்ளுக்குப் போகச் சொல்லுது, உள்ளுக்குப் போற கோட் மாமாட கனடா ஃபோனுக்குப் போகுது, அந்த ஃபோன் ஆசுபத்திரியில ஓஃப். மாரி காலத்தில இங்கயும் டொரன்டோவுக்கும் பத்தரை மணித்தியாலம் வித்தியாசம், இங்க பேங்க் திறந்திருக்கிற நேரம் அங்க நடுச்சாமம். கடைசியில மாமா கொஞ்சம் தேறின பிறகு அந்த பேக்கப்ப கூகுள் டிரைவ்ல ஏத்தி மச்சாளுக்கு அனுப்பினன். அவ மாமாட கம்பியூட்டர்ல திறக்கப் போனா ஃபைலுக்கு வேற தனிப் பாஸ்வேர்ட். மாமா கட்டில்ல படுத்துக்கொண்டு யோசிச்சு யோசிச்சு சொன்னார், பாவம். திறந்திச்சு. எல்லாம் இருந்திச்சு, அவர் சொன்ன மாதிரியே.

இதுல பொறுக்கி எடுக்க வேண்டியது: பேக்கப் இருக்கு எண்டது மட்டும் காணாது, அதத் திறக்கிற சொஃப்ட்வெயார், ஐடி, கோட் வாற ஃபோன், ஃபைல் பாஸ்வேர்ட் இந்த நாலும் சேந்துதான் பேக்கப். இதுல ஒண்டு குறைஞ்சாலும் அலுமாரிக்குள்ள ஒரு பெட்டி கிடக்கு, அவ்வளவுதான்.

எடுத்தது எப்பிடி எண்டா, குவிக்கன்ல அந்த விபரத்த ரிப்போர்ட்டா பிரின்ட் அடிக்கிற வசதி இருக்கு. பேப்பருக்கு அடிக்காம விண்டோஸ்ல இருக்கிற பிரின்ட் டு பி.டி.எஃப். தெரிவு செஞ்சு அடிச்சு மச்சாள் ஈமெயில்ல அனுப்பினா. பிறகு மச்சாளுக்கும் ஒரு ஆச, மாமாட விபரத்தையும் அம்மாட விபரத்தையும் ரெண்டு ஃபைலாப் பிரிச்சு வச்சா நல்லம் எண்டு. ஒரு குவிக்கன் ஃபைல்ல இருந்து இன்னொரு புது குவிக்கன் ஃபைலுக்கு எமர்ஜென்சி விபரத்த மட்டும் தனியா அனுப்ப வழி இல்ல. அதால புதுசா ஒரு ஃபைல் தொடங்காம, இருக்கிற ஃபைல முழுசா கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியில அம்மாட கணக்குகளையும் விபரத்தையும் அழிச்சா மிச்சம் மாமாட. தலைகீழாச் செய்ற வேலதான், ஆனா கையால முழுக்கத் திருப்பி அடிக்கிறத விட எவ்வளவோ மேல். கொப்பியில மட்டும் அழியுங்க, மூல ஃபைல்ல கை வைக்காதீங்க.

நான் என்ட பக்கம் அத ஒரு எக்செல் ஷீட்டுக்கு மாத்தினன். அங்கயும் குழி இருக்கு. பி.டி.எஃப்ல இருந்து கொப்பி செஞ்சு ஒட்டின உடன எங்கட 065 ஃபோன் நம்பரெல்லாம் முன்னுக்கு இருக்கிற சீரோவ இழந்து 65 எண்டு நிண்டிச்சு. அம்மாட புது ஐசி (அடையாள அட்டை) நம்பர், பன்னெண்டு இலக்கம், 1.95 எண்டு தொடங்கி நடுவில ஒரு இங்கிலீஷ் எழுத்தும் பிளஸ் 11ம் போட்டு விசித்திரமா வந்திச்சு. அது காட்டுறதுதான் அப்பிடி, உள்ளுக்கு நம்பர் சரியாத்தான் இருக்கும், ஆனா அந்தக் கோலத்திலயே சி.எஸ்.வி. எண்ட வெறும் எழுத்து ஃபைலா சேவ் செஞ்சா காட்டின மாதிரியேதான் பதிஞ்சு போகும், பிறகு மீட்க ஏலா. பதினைஞ்சு இலக்கத்துக்கு மேல போற நம்பர் எண்டா இன்னும் மோசம், அதுக்கு மேல உள்ள இலக்கத்த எக்செல் சத்தமில்லாம சீரோ ஆக்கிரும். பதினாறு இலக்க லோன் நம்பர் ஒண்டுக்கு எனக்கு அதுதான் நடந்திச்சு, கடைசி இலக்கம் 3, ஷீட்ல 0. அதால ஒட்ட முதல் ஷீட்ல மேல இருந்து கீழ போற முழு நிரலையும் (column) டெக்ஸ்ட் எண்டு மாத்திப்போட்டு ஒட்டுங்க. தமிழ்ல எழுதினத சி.எஸ்.வி.யா வைக்கிற எண்டா சேவ் செய்யேக்க யூ.டி.எஃப்-8 எண்டு இருக்கிறதத் தெரிவு செய்யுங்க, இல்லாட்டி திரும்பத் திறக்கேக்க கேள்விக்குறியா நிக்கும். பழைய ஆக்கள் பாமினி எழுத்துல அடிச்சு வச்சது இருந்தா அத முதல் யூனிகோடுக்கு மாத்திற்று மற்ற வேலயப் பாருங்க, ஃபொன்ட் இல்லாத மெஷின்ல அது வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாத்தான் தெரியும். பேர் எழுதுறதிலயும் கவனம். அம்மாட பேர் ஐசியில ஒரு ஸ்பெலிங், பேங்க் புத்தகத்தில இன்னொண்டு, உறுதியில வேற. மாமா எல்லாத்தையும் ஒரே மாதிரித் திருத்தி எழுதியிருந்தவர், அழகுக்கு. அழகு வேணாம், ஒவ்வொரு ஆவணத்திலயும் எப்பிடிக் கிடக்கோ அப்பிடியே எழுதுங்க, கவுண்டர்ல நிக்கேக்க அதுதான் உதவும்.

குனூகேஷ நான் விடல்ல, கணக்குக்கு அது நல்லம். எமர்ஜென்சி விபரத்துக்கு எண்டு அதுல ஒரு இடம் இல்ல எண்டது மட்டும் தெரிஞ்சு வச்சிருங்க. ஒரு பதிவோட ஸ்கேன் ஃபைல இணைக்கலாம், ஆனா அது ஃபைல் இருக்கிற இடத்த மட்டும்தான் ஞாபகம் வச்சிருக்கும், ஃபைல உள்ளுக்கு எடுக்காது. அந்த ஃபோல்டர விட்டிற்று கணக்கு ஃபைல மட்டும் புது லெப்டொப்புக்குக் கொண்டு போனா இணைப்பெல்லாம் அறுந்து கிடக்கும். எக்ஸ்போர்ட் அக்கவுன்ட்ஸ் எண்டு ஒரு மெனு இருக்கு, அத அமத்தினா கணக்குப் பேர்ப் பட்டியல் மட்டும்தான் போகும், வரவு செலவு போகாது, பேரப் பாத்து ஏமாறாதீங்க. மெஷின் மாத்தேக்க சேவ் ஆகியிருக்கிற ஃபைலயும் ஸ்கேன் ஃபோல்டரையும் ஒண்டாத் தூக்குங்க.

எண்டாலும் என்ட இப்பத்த நம்பிக்க பேப்பர்லதான். ஆவணம் தொலையிறது எங்கட ஊர் ஆக்களுக்குப் புதுசில்ல, 1978 சூறாவளியில கூரையோட போன, 2004 சுனாமியில வீட்டோட போன. சுனாமிக்குப் பிறகு எங்கட காணி உறுதிட பிரதிய எடுக்க ஏலுமா இருந்ததே, அப்பா உறுதி நம்பர், திகதி, உறுதி எழுதின நொத்தாரிசிட பேர் மூண்டையும் ஒரு சி.ஆர். கொப்பியில எழுதி சின்னம்மாட வீட்டுல வச்சிருந்ததாலதான். உறுதிட ஒரு பிரதி நொத்தாரிசிட்ட இருக்கும், இன்னொண்டு காணிப் பதிவகத்துக்குப் போகும், நம்பரும் திகதியும் கையில இருந்தா தேடி எடுக்கலாம். அதே மாதிரி இப்ப நானும் செய்றன். முதல் பக்கத்தில மருந்து, டோஸ், அலர்ஜி, ரெத்த வகை, கிளினிக் நம்பர், அவசரத்துக்கு அடிக்கிற ரெண்டு ஃபோன் நம்பர், பெரிய எழுத்தில, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும். அந்தப் பக்கம் மட்டும் ஃபிரிட்ஜ் கதவிலயும், அம்மாட ஹேண்ட்பேக்கிலயும். மற்றப் பக்கங்கள், இன்சூரன்ஸ், உறுதி, அடகு எல்லாம் தண்ணி போகாத பொலித்தீன் உறையில போட்டு எங்கட வீட்டுல ஒண்டு, மேட்டு நிலத்தில இருக்கிற சின்னம்மாட வீட்டுல ஒண்டு. பின் நம்பர், பாஸ்வேர்ட் ஒண்டும் அதுல இல்ல, அது மூடின கவர்ல வேற இடத்தில. வாட்ஸப் ஃபெமிலி குரூப்பில முழுசையும் போடச் சொல்லித் தங்கச்சி கேட்டவள், நான் விடல்ல, அந்தக் குரூப்பில எங்களுக்கே தெரியாத ஆக்கள் ரெண்டு பேர் இருக்காங்க. அடகுத் திகதியும் பொலிசித் திகதியும் ஃபோன் கலண்டர்ல எனக்கும் தங்கச்சிக்கும் ரெண்டு பேருக்கும் அடிக்கிற மாதிரி போட்டாச்சு, பேங்குக்குப் போய் விலாசமும் மாத்தியாச்சு.

பேப்பர்ல உள்ள கரைச்சல் பழசாப் போறதுதான், வார்ஃபரின் மாதிரி டோஸ் மாறி மாறி வாற மருந்துக்கு பழைய பேப்பர் இருக்கிறது இல்லாததை விட ஆபத்து. அதால மேல திகதி போட்டு, கிளினிக் போய் வந்த அண்டே முதல் பக்கத்த மட்டும் திருப்பி அடிச்சு பழசக் கிழிச்சிருங்க. அம்மாட டோஸப் போன கிளினிக்ல திரும்பவும் மாத்தியிருக்காங்க, ஃபிரிட்ஜ்ல இருந்ததும் ஹேண்ட்பேக்ல இருந்ததும் மாத்தியாச்சு, மாமாக்கும் ஃபோட்டோ எடுத்து அனுப்பினன், "திகதி எங்க புள்ள, திகதி தெரியுதில்ல" எண்டு திருப்பி அனுப்பியிருக்கார்.